முந்திரிகையும் பங்குச் சந்தையும்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்து முந்திரிகையில் (திராட்சையில்) வைன் செய்து, இந்தியாவின் சுலா வைன் கம்பனி போலப் பங்குச் சந்தைக்குப் போகலாம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல ஆசைதான். நீர்வேலியில் நாலு பரப்பில் (ஏறத்தாழக் கால் ஏக்கர்) பந்தல் போட்டிருப்பவன் நான். சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுலா பங்கு விற்றது 2022 டிசம்பரில். ஒரு பங்கு 357 இந்திய ரூபா. மொத்தம் ஏறத்தாழ 960 கோடி. அதில் ஒரு சதமும் கம்பனிக்குப் போகவில்லை. ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கை விற்றுக் கொண்டுபோன பணம் அது. ராஜீவ் சமந்த் மகாராஷ்டிரத்து நாசிக்கில் சுலாவைத் தொடங்கியது 1990களின் கடைசியில். இருபது வருடத்துக்கு மேலாகப் பங்குச் சந்தைப் பணம் இல்லாமல்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

எப்படி வளர்ந்தார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். சுலாவுக்குப் பெரும்பகுதிப் பழம் வருவது நீண்டகால ஒப்பந்தம் செய்த விவசாயிகளிடமிருந்து. அப்புறம், மகாராஷ்டிர அரசு வைனுக்கு வாங்கும் 20 வீத வரியில் நாலை வைத்துக்கொண்டு 16ஐ உற்பத்தியாளருக்கே திருப்பிக் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. இங்கே நிலைமை என்ன? போன மாரியில் மழைக்குப் பழம் வெடித்ததும், வியாபாரி ஒருவர் பேசிய விலையில் பாதிக்குத்தான் எடுத்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்று, எங்கள் பந்தல்களில் கூடுதலாக இருப்பது இஸ்ரேல் புளூ என்ற இனம். தின்பதற்கு அருமையான பழம். ஆனால் வைனுக்கென்று சுலா வளர்ப்பது செனின் பிளாங், சிராஸ் போன்ற இனங்கள்; பழம் சிறியது, இனிப்புக் கூட. நல்ல கொடியைப் பிடுங்கிப் புதியதை நட்டால், ஒழுங்கான விளைச்சலுக்கு மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும். அதுவரை கிணற்று இறைப்புக்கும் மருந்துக்கும் யார் காசு தருவது?

கைப்பக்குவம் இல்லாத ஊர் அல்ல இது. தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகளின் வைனை அறியாதவர் இங்கே குறைவு.

ஆகவே கம்பனி தொடங்க நினைப்பவர்கள் முதலில் விலையை எழுத்தில் தரட்டும். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கும் விவசாய ஆராய்ச்சி நிலையம் இரண்டு மூன்று வைன் இனங்களைத் தோட்டக்காரரின் காணியிலேயே நட்டுப் பார்க்கட்டும். அதற்கு என் நாலு பரப்பில் ஒன்றை நான் தருகிறேன்.

முந்திரிகைச் செய்கையாளர்,
நீர்வேலி.