ஏஐ வாங்கப்போகும் கிடங்கு நிர்வாகிகளுக்கு: முதலில் ஸ்டாக்கை எண்ணுங்கள்

கிடங்கு நடத்துகிறவர்களுக்கு, அதிலும் அடுத்த பட்ஜெட்டில் ‘ஏஐ’ என்று ஒரு வரி போட்டு வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். ஸ்டாக் பார்க்கிற வேலையில் இருப்பவன் எழுதுகிறேன். ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தாராளமாக வரட்டும். ஆனால் டெமோ காட்ட வருகிறவர்களின் திரையில் ஓடும் கிடங்கைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே ஒரு பெட்டிகூட இடம் மாறி இருக்காது, லேபிள் கிழிந்திருக்காது, 12 இருக்க வேண்டிய அட்டைப்பெட்டியில் 10 மட்டும் இருக்காது. நிஜக் கிடங்கில் இதெல்லாம் தினசரி நடப்பது. எனவே கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கணினியில் இருக்கும் ஸ்டாக்கும் ரேக்கில் இருக்கும் ஸ்டாக்கும் ஒன்றல்ல. நிக்கோல் டெஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சில்லறை வணிக நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்ததில் 65 சதவீதம் தப்பாக இருந்தது. கடை வேறு, கிடங்கு வேறு, கிடங்கில் வாடிக்கையாளர் கை படாது என்பீர்கள். சரி. ஆனாலும் லாரியிலிருந்து இறக்கும்போதே தப்பாக எண்ணிவிட்டாலோ, அவசரத்தில் பக்கத்து பின்னில் (bin, ரேக்கில் ஒரு பொருளுக்கென்று ஒதுக்கிய கட்டம்) வைத்துவிட்டாலோ கிடங்கிலும் அதே கதைதான்.

இதில் மோசமானது, கணினியில் 4 என்று காட்டி ரேக்கில் ஒன்றுமே இல்லாத நிலை. ஸ்டாக் இருப்பதாக நம்பும் மென்பொருள் புதிதாக ஆர்டர் போடாது. பொருள் இல்லாததால் வெளியே போகவும் போகாது. போகாததைப் பார்த்து ‘இதற்குத் தேவையே இல்லை’ என்று கணிப்பு இன்னும் கீழே இறங்கும். எவ்வளவு புத்திசாலியான மாடலாக இருந்தாலும் சரி, அதற்குத் தெரிந்த உலகம் நீங்கள் கொடுக்கும் அந்தப் பதிவுகள்தான்.

ஆகவே ஏஐ-க்கு முதல் வேலையாக எண்ணுவதையே கொடுங்கள். எந்த பின்னில் கணக்கு பிசகியிருக்க வாய்ப்பு அதிகம் என்று பழைய பதிவுகளை வைத்து ஊகிக்கலாம்: போன வாரம் எடுக்கப்போய் கிடைக்காமல் திரும்பியது, ஸ்டாக் மைனஸில் போனது, திடீரென்று நகராமல் நின்றுபோனது. எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை எண்ணுவதைவிட, சந்தேகமானதைத் தினமும் கொஞ்சம் எண்ணுவது மேல். மரச்சாமான் விற்கும் ஐகியா நிறுவனம் தன் கிடங்குகள் சிலவற்றில் இருப்பு சரிபார்க்க ட்ரோன்களைப் பறக்கவிடுகிறது. எல்லோருக்கும் ட்ரோன் கட்டுப்படியாகாது, ஆனால் அவர்கள் கைவைத்த இடம் சரியான இடம்.

அடுத்தது நடை. பிக்கிங் செய்பவரின், அதாவது ஆர்டருக்கான பொருளை ரேக்கிலிருந்து எடுத்து வருகிறவரின், நேரத்தில் ஏறக்குறைய பாதி நடப்பதிலேயே போகிறது என்று இந்தத் துறையின் பாடப்புத்தகங்களே பல காலமாகச் சொல்கின்றன. இங்கேதான் ‘ஏஐ குறுக்கு வழி காட்டும்’ என்று விற்பார்கள். இணையாக ஓடும் வரிசைகள், இரு முனையிலும் குறுக்குப் பாதை என்ற சாதாரண அமைப்புக்கு, மிகக் குறுகிய வழியைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் முறையை ராட்லிஃப், ரோசென்தல் இருவரும் 1983-லேயே எழுதிவிட்டார்கள். நாற்பது வருடப் பழைய கணக்குக்குப் புதுப் பெயரில் மாதச் சந்தா கட்டாதீர்கள்.

நிஜமாகவே சிக்கலானது வேறு இடத்தில் இருக்கிறது. எந்தெந்தப் பொருள்கள் ஒரே ஆர்டரில் சேர்ந்து வருகின்றன, எதை டிஸ்பாட்ச் பக்கம் நகர்த்தலாம், எந்த ஆர்டர்களை ஒரே சுற்றில் எடுக்கலாம் என்பதெல்லாம் சேர்க்கைகள் பெருகிப் பெருகி மனிதக் கணக்கில் அடங்காமல் போகிற விஷயங்கள், சீசனுக்குச் சீசன் மாறவும் செய்யும். அதற்கு இந்தக் கருவிகள் உண்மையில் உதவும். ஆனால் ஒரு பொருளை இடம் மாற்றவும் ஆள், நேரம், ஃபோர்க்லிஃப்ட் வேண்டும்; விற்க வருகிறவரின் லாபக் கணக்கில் அந்தச் செலவு இருக்கிறதா என்று பாருங்கள். (எடை என்ற கட்டம் காலியாக இருந்தால், 30 கிலோ பெட்டியை மேல் தட்டுக்கு அனுப்பச் சொல்லவும் அது கூசாது.)

தேவைக் கணிப்பு பற்றி ஒன்றே ஒன்று. 2020-ல் வால்மார்ட் விற்பனைத் தரவை வைத்து எம்5 என்ற கணிப்புப் போட்டி நடந்தது. 5,500-க்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொண்டன. முன்னணியில் வந்தவை இயந்திரக் கற்றல் முறைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பழைய, எளிய முறைகளில் சிறந்ததை முந்தியவை 7.5 சதவீத அணிகள் மட்டுமே. உங்களிடம் வருகிறவர் எந்தப் பக்கம் என்று உங்கள் பழைய தரவிலேயே சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

ரோபோக்கள்? 2012-ல் அமேசான், கிடங்கு ரோபோக்கள் செய்யும் கிவா நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஆள் ரேக்கைத் தேடிப் போகாமல், ரேக்கே ஆளைத் தேடி வரும் ஏற்பாடு. அதற்கான பணமும் அளவும் உள்ளவர்கள் செய்யட்டும்.

இப்போது எழுத வந்த விஷயம். நிறைய இடங்களில் ஏஐ-க்கு முதலில் கொடுக்கப்படும் வேலை எண்ணுவதும் இல்லை, நடையைக் குறைப்பதும் இல்லை; ஸ்கேனரை வைத்து ஆளை அளப்பது. மணிக்கு எத்தனை, எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2022 முதல், சாப்பாட்டு இடைவேளைக்கும் கழிப்பறைக்கும் போகவிடாத கோட்டாக்களுக்கு (இவ்வளவு வேலை முடித்தாக வேண்டும் என்ற இலக்குகளுக்கு) சட்டமே தடை போட்டிருக்கிறது. சட்டம் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

நியாயம், இரக்கம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெறும் கணக்காகவே பேசுவோம். நொடி பார்த்து விரட்டப்படுகிறவர் பின்னில் தப்பான பொருளைப் பார்த்தால் என்ன செய்வார்? நின்று பதிவு செய்தால் அவர் எண்ணிக்கை குறையும். பக்கத்து பின்னிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இப்போது இரண்டு பின்களின் கணக்கு தப்பு. அந்தத் தப்புக் கணக்கைத்தான் அடுத்த மாதம் உங்கள் விலை உயர்ந்த மாடல் படிக்கப்போகிறது. வேகத்தை அளக்கிற கருவியே ஸ்டாக்கைக் கெடுக்கிறது, கெட்ட ஸ்டாக் கணிப்பைக் கெடுக்கிறது, அப்புறம் ‘ஏஐ சரியில்லை’ என்று மீட்டிங் போடுவீர்கள்.

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. ஸ்கேனரில் ‘பொருள் இல்லை’, ‘சேதம்’, ‘வேறு பொருள் இருக்கிறது’ என்று மூன்று பட்டன் வையுங்கள். அதை அழுத்த ஆகும் நேரத்தை யார் கணக்கிலும் கழிக்காதீர்கள். மென்பொருள் சொன்ன இடத்தையோ வழியையோ தளத்தில் இருப்பவர் மாற்றினால் தடுக்காமல் காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், வாரம் ஒருமுறை அதை உட்கார்ந்து படியுங்கள். அந்த ரேக்கின் முன்னால் ஃபோர்க்லிஃப்ட் திரும்பாது என்பது எந்தத் தரவிலும் இருக்காது, அங்கே ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

ஒப்பந்தத்துக்கு முன், ஏதாவது ஒரு வரிசையை முழுக்க எண்ணி, கணினி சொல்வதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை ஏஐ விற்க வருகிறவரிடமும் காட்டுங்கள். ‘எங்கள் தரவு இப்படித்தான் இருக்கிறது, இதை வைத்து நீங்கள் சொல்லும் லாபம் வருமா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஸ்டாக் பிரிவிலிருந்து ஒருவன்