ஊருணிக்கு நீர்வரத்துத் தரும் பொட்டலை மனைகளாக்கும் தீர்மானம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டத்திலுள்ள எங்கள் ஊராட்சியில், வரும் அக்டோபர் 2ஆம் நாள் கூடவிருக்கும் கிராம சபையில், ஊருணிக்கு வடக்கே உள்ள மந்தைவெளிப் புறம்போக்கை, அதாவது கால்நடைகளுக்கென விடப்பட்ட பொது நிலமான பொட்டலை, வகைமாற்றம் செய்து வணிக வளாகமும் வீட்டுமனைகளும் அமைக்க ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் கொண்டுவரப்போவதாக அறிகிறோம். அதை ஊர் மக்கள் நிராகரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

'சும்மா கிடக்கிற பொட்டல்தானே, ஊருணியையா தொடுகிறோம்?' என்று கேட்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்று இல்லாத செட்டிநாட்டில், ஓட்டுக் கூரையில் விழும் மழை வீட்டு நடுமுற்றமான வளவில் இறங்கி, தெரு வடிகால் வழியாக ஊருணிக்கும் கண்மாய்க்கும் போய்ச் சேரும்படி வீட்டையும் தெருவையும் ஊரையும் ஒரே கணக்கில் அமைத்தார்கள் நம் முன்னோர். உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்க்கப்பட்டதற்கு இந்த ஊரமைப்பும் ஒரு காரணம். (பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூண்களோடும் ஆத்தங்குடித் தரையோடும் திரும்பிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.)

எங்கள் பொட்டலும் அந்தக் கணக்கில் அடங்கியதே. செம்மண்ணும் சரளையுமாக இறுகிய தரை என்பதால், ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் பெரும்பகுதி நீர் மண்ணுக்குள் இறங்காமல் தெற்கு நோக்கி வழிந்து, முழங்கால் ஆழமே உள்ள வரத்துக்காலில் விழுந்து ஊருணிக்குள் நுழைகிறது. கோடையில் பார்த்தால் அந்த வரத்துக்கால் ஆட்டுத்தடம் போலத்தான் தெரியும். இரண்டு டிராக்டர் கிராவல் போதும், அது இருந்த இடமே தெரியாமல் தூர்ந்துவிடும். அதன் பிறகு ஊருணியின் படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் அப்படியே நிற்கும், தண்ணீர்தான் வராது. செருப்போடு படியிறங்கவும் விடாமல் குடிநீருக்கென்று காத்துவரும் ஊருணி அது.

வீடில்லாதவர்களுக்கு மனை வேண்டும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை; அது நியாயமான தேவை. ஆனால் தீர்மானத்தின் முதல் வரியிலேயே நிற்பது வணிக வளாகம். மனைகள் யாருக்கு, எத்தனை என்பது பற்றி எங்களுக்கு இதுவரை எதுவும் சொல்லப்படவில்லை. பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்துக் கிராமக் குளம் ஒன்று தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊராரின் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்டுத்தரத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆக்கிரமித்த நிலத்தையே மீட்கச் சொல்லும்போது, ஆக்கிரமிக்கப்படாமல் இருக்கும் நிலத்தை ஊரே முன்வந்து கொடுப்பது எந்த வகையில் பொருந்தும்?

கிராம சபையில் நடக்கும் ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வந்தவுடன் வருகைக்கென்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்மானம் பிற்பாடுதான் வாசிக்கப்படுகிறது, சில நேரம் வாசிக்கப்படுவதும் இல்லை. வந்ததற்கு இட்ட கையெழுத்து, சம்மதித்ததற்கு இட்ட கையெழுத்தாகிவிடுகிறது.

ஆகவே, அன்றைய கூட்டத்தில் பொட்டலின் புலப்படத்தை வரத்துக்காலுடன் மக்கள் முன் விரித்து வைக்க வேண்டும். தீர்மானத்தை முழுமையாக வாசித்து, ஆதரவையும் எதிர்ப்பையும் கை உயர்த்தச் செய்து தனித்தனியே எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை, மேலே தலைப்பு எழுதப்படாத எந்தத் தாளிலும் ஊரார் கையெழுத்திட வேண்டாம்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.