காற்றையும் ஒரு வரி சொல்லுங்கள்: வானிலைச் செய்தி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் இருந்து தினமும் வானிலைச் செய்தி தயாரித்துத் தரும் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கமுங்க. பல்லடத்தில் இருந்து உடுமலை போகும் சாலையை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவன் எழுதுகிறேன். தென்னை கொஞ்சம், சின்ன வெங்காயம் கொஞ்சம், மீதிக் காட்டில் சோளம். ராத்திரி சோற்றுத் தட்டோடு உட்காரும்போது உங்கள் வானிலைச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். இருபது வருசப் பழக்கம் அது.

போன ஆடியில் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு வேளச்சேரியில் இருக்கும் என் தங்கை போன் பண்ணினாள். "ஏனுங்கண்ணா, கோயமுத்தூர் மாவட்டத்துல கனமழைன்னு ஓடுது, தோட்டத்துல தண்ணி நிக்குதா?" என்றாள். நான் அப்போது வாசலில் நின்று கண்ணில் விழுந்த மண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு மழை இல்லை. பேய்க்காற்று. செல்போனில் அவளுக்குக் கேட்ட இரைச்சலையும் மழை என்றே நினைத்துக்கொண்டாள்.

மழை பெய்தது வால்பாறைக்கு மேலே, சின்னக்கல்லாறு பக்கம். அதுவும் கோவை மாவட்டம்தான். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை வாங்கும் இடங்களில் அது ஒன்று. மலையை விட்டு இறங்கி, கிழக்கே சூலூர் வரை வந்தால் அதே நாளில் ரோட்டில் புழுதி பறக்கும். ஒரே மாவட்டம், ஒரே பொழுது. இத்தனைக்கும் எங்கள் பக்கம் 2009-லேயே திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. தங்கைக்கு இன்னமும் எல்லாமே கோயமுத்தூர்தான். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய, நீங்கள் மாவட்டத்தின் பேரை மட்டும் போடுகிறீர்கள், அவள் அதைத்தானே படிப்பாள்? பள்ளிக்கு விடுமுறை விடும்போது கலெக்டர் கூட வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் என்று பிரித்துச் சொல்கிறார்.

எங்கள் ஊர் விசயத்தைப் புரிந்துகொள்ள ஆனியில் பாலக்காட்டில் இருந்து கோயமுத்தூருக்கு ஒரு தடவை ரயிலில் வந்தால் போதும். சுமார் 50 கிலோமீட்டர்தான். பாலக்காட்டில் ஏறும்போது குடையை மடக்க இடமிருக்காது, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், பெட்டிக்குள் ஈர நாற்றம். வாளையாறு வரும்போது தூறலாகும். மதுக்கரையில் ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறப்பார். போத்தனூர் பிளாட்பாரம் காய்ந்து கிடக்கும், இறங்குகிறவர்களின் வேட்டியும் சேலையும் மட்டும் பறக்கும்.

தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தை மலை மேற்குப் பக்கத்திலேயே பிழிந்து வைத்துக்கொள்கிறது. ஆனால் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது, முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேல். மழையை மலை நிறுத்திவிடும், காற்றை யார் நிறுத்துவது? அந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு உள்ளே வரும். பொள்ளாச்சிக்காரருக்குச் சாரலோடு வரும், அதனால்தான் அங்கே தென்னை அப்படி. பல்லடம், காங்கயம், தாராபுரம் வந்து சேரும்போது வெறும் மேகாத்து, அதாவது மேற்குக் காற்றுதான் மிச்சம். எங்கள் மழை எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து வரவேண்டும். சென்னைக்கு வருசத்துக்கு 1,400 மில்லிமீட்டர் போல மழை என்றால் கோயமுத்தூர் ஊருக்குள் அதில் பாதிதான்.

ஆக, உங்களுக்கு வருசத்தில் மழை, வெயில் என்று இரண்டு காலம் இருக்கலாம். எங்களுக்குக் காற்றுக்காலம் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வைகாசி பாதியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும். இதைப் பற்றித்தான் உங்கள் செய்தியில் ஒரு வார்த்தை வருவதில்லை.

ஊரே அந்தக் காலத்துக்குத் தகுந்தபடி நடக்கும். மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினால் சாத்தியதுதான். வீட்டுக்காரி துணிக்கு இரண்டு கிளிப் போடுவாள். வைக்கோல் போருக்கு மேலே போட்ட மழைக்காயிதத்தைக் கயிறு கட்டி, கயிற்றில் கல் தொங்கவிடுவோம். பைக்கில் போகிறவர்கள் வண்டியை மேற்கே சாய்த்துத்தான் ஓட்டுவார்கள். காற்றை மறைத்துக்கொண்டு ஒரு லாரி எதிரே வந்து கடந்து போகும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து, வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது அங்கேதான். வெங்காயப் பாத்தியில் மூன்று நாள் நிற்கும் ஈரம் ஒன்றரை நாளில் காய்ந்துவிடும், தண்ணீர் முறையை மாற்றவேண்டும். மருந்து அடிக்கவேண்டும் என்றால் கருக்கலில் எழுந்து அடிக்கவேண்டும். எட்டு மணிக்கு மேல் அடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்கு அடித்தமாதிரி. முருங்கைக் கிளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது காற்றைக் கண்டாலே ஒடியும் சாதி.

லாபமும் இருக்கிறது. கேத்தனூர், பூளவாடி பக்கம் வந்து பாருங்கள், கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைகள். உங்கள் வீட்டு ஏசி ஓட எங்கள் காற்றும் கொஞ்சம் வேலை செய்கிறது.

தென்காசியில் எனக்கு ஒரு சகலை உண்டு. அவருக்கும் இதேபோல ஒரு கணவாய், செங்கோட்டைப் பக்கம். அதே தென்மேற்குக் காற்று அவருக்குக் குற்றாலச் சாரலைக் கொண்டுவருகிறது, டிவிக்காரர்களையும் கொண்டுவருகிறது. அருவியில் தண்ணீர் விழுந்தால் செய்தி. எங்களுக்கு மண்ணைக் கொண்டுவருகிறது, அதை எந்தக் கேமரா எடுக்கும்?

வெயில் விசயமும் இப்படித்தான். சென்னையில் கத்திரி முடிந்து ஜூன் வந்தாலும், கடற்காற்று வரத் தாமதமானால் வேகும் என்று தங்கை சொல்வாள். எங்களுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் உச்சம். மே பாதியில் மேகாத்து எட்டிப்பார்த்துவிடும், பொழுதோடு திண்ணையில் உட்காரலாம். உடனே "குளுகுளு கோவை" என்று போட்டுவிடுகிறீர்கள். அதை ஈரோட்டுக்காரரிடமோ கரூர்ப் பரமத்திக்காரரிடமோ சொல்லிவிடாதீர்கள். மாநிலத்தில் அதிக வெயில் பட்டியலில் அடிக்கடி அவர்கள் ஊர் பேர்தான் வரும். அவர்களும் கொங்குதான். சரி, வெயில் பட்டியலிலாவது பேர் வருகிறதே என்று நினைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மச்சானுக்குச் சிறுமுகைப் பக்கம் நேந்திரன் வாழை. ஒரு சித்திரையில் "இடி மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை" என்று செய்தியில் சொன்னதைக் கேட்டுச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார். மழை வந்ததும் மிதமாகத்தான். அதற்கு முன்னால் வந்த காற்று இருபது நிமிசம். தார் போட்ட மரம் பாதிக்கு மேல் படுத்துவிட்டது. முதல் நாளே காற்று என்று சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? முடியாது. ஒரே ராத்திரியில் அத்தனை மரத்துக்கும் முட்டுக் கொடுக்க ஆளும் கிடையாது, கட்டையும் கிடையாது. அந்தப் பழியை உங்கள் தலையில் போட மாட்டேன். ஆனால் விளைந்திருந்த இருபது முப்பது தாரையாவது சாயங்காலமே வெட்டியிருப்பார். மோட்டார் ரூம் தகரத்தின் மேல் நாலு கல்லை ஏற்றியிருப்பார். அந்தத் தகரம் மூன்றாவது காட்டில் கிடந்தது.

காற்றைச் சொல்வது புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய வேலையும் இல்லை. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் மன்னார் வளைகுடாவில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று நீங்களே வாசிக்கிறீர்கள். உயிர் சம்பந்தப்பட்டது, கட்டாயம் வாசிக்கவேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருந்து கோழிப்பண்ணைக்காரர்களுக்கு வரும் வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் இருக்கும், எந்தத் திசையில் இருந்து என்றும் இருக்கும். முட்டைக்கோழிக்குக் கிடைக்கிற தகவல் அதை வளர்க்கிறவனுக்கு டிவியில் கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது அரைமணி நேர நிகழ்ச்சி இல்லைங்க. வைகாசி பாதியில் இருந்து ஆவணி முடிய, மேற்கு மாவட்டங்கள் என்று வாசிக்கும் இடத்தில் ஒரு வரி: நாளைக்குக் காற்று எப்படி, பகலில் எந்நேரம் ஓங்கும். சித்திரையில் இடி மின்னல் என்று சொல்லும்போது அதோடு பலத்த காற்றும் உண்டா என்று அரை வரி. கனமழை என்று போடும்போது மாவட்டத்தோடு தாலுகா பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வால்பாறை என்று நாலு எழுத்துத்தான், கீழே ஓடும் பட்டையில் தாராளமாக இடமிருக்கும். தங்கை நிம்மதியாகத் தூங்குவாள், எனக்கும் ஒரு போன் மிச்சம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஆடியில் ஒரு நிருபரை அனுப்பி வையுங்கள். பகல் பதினோரு மணிக்கு மேல் எங்கள் காட்டு வரப்பில் நின்று நேரலை பேசட்டும். சாப்பாடு எங்கள் வீட்டில். குடை வேண்டாம், கண்ணுக்கு ஒரு கண்ணாடி கொண்டுவரச் சொல்லுங்கள். மைக்கில் அவர் பேசுவது கேட்காது, அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
பல்லடத்துக்குத் தெற்கே இருந்து ஒரு தோட்டத்துக்காரன்