மகளின் காதுக்காக ஓடிய எல்லாருக்கும்

கோலாலம்பூர் செந்தூல் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மகளுக்கு இரண்டு காதிலும் காக்ளியர் கருவி (கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஒலியை உணரவைக்கும் கருவி) பொருத்தி, ஸ்விட்ச் ஆனும் ஆகிவிட்டது. போனில் நன்றி சொன்னபோது விட்டுப்போனவர்கள் இருப்பார்கள் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி குழந்தைகள் வார்டு டாக்டருக்கு. மெனிஞ்சைடிஸ் என்ற மூளைக்காய்ச்சலிலிருந்து பிள்ளை பிழைத்ததே போதும் என்று நாங்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "காது டெஸ்ட் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்" என்று நின்றார். அந்தப் பிடிவாதத்தின் அருமை பிறகுதான் புரிந்தது. இந்தத் தொற்று உள்காதின் நத்தைச் சுருளுக்குள் போய்விட்டால், அங்கே எலும்பு வளர்ந்து சுருளை அடைக்கத் தொடங்கும். சில வாரங்களிலேயே தொடங்கிவிடலாமாம். அடைத்துவிட்டால் கருவியின் மின்முனைக் கம்பியை முழுதாக உள்ளே செலுத்துவது கஷ்டம். அதனால்தான் அறுவை டாக்டர் எம்ஆர்ஐ பார்த்த கையோடு, ஒன்று இப்போது, மற்றது அப்புறம் என்று தள்ளாமல் இரண்டு காதையும் சேர்த்தே முடித்தார்.

அப்படி அவசரம் என்றதும் நீங்களும் ஓடினீர்கள். கோவில் தலைவர் செயலவைக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் வசூலை ஆரம்பித்தார். கணவரின் தவுக்கே (முதலாளி) கேட்காமலே முன்பணம் கொடுத்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா மூத்தவனைப் பார்த்துக்கொண்டார்; இப்போது அவனுக்கு அவர் கட்டிக்கொடுக்கும் நாசி லெமாக் இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை, அது வேறு கதை. "நம்ம பிள்ளையை வைத்தா சோதனை செய்வது?" என்று பயந்த பெரியவர்களிடம், 1995-லேயே கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகம் இந்த அறுவையைத் தொடங்கிவிட்டது என்று எடுத்துச் சொன்னவர் என் தம்பி.

கிளினிக் மிஸ்ஸி (தாதி) ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி 2020 டிசம்பரில்தான் மலேசிய அரசு அட்டவணையில் சேர்ந்தது. மகள் அதற்கு முன் பிறந்தவள். கருவி வைக்கும் பிள்ளைக்கு அந்த ஊசி அவசியம் என்று விரட்டிப் போடவைத்தார்.

கருவி வைத்ததும் எல்லாம் சரியாகிவிடாது. ஆரம்பத்தில் எல்லார் குரலும் ரோபோ மாதிரி இருக்கிறது என்று அழுதாள். ஆடியோலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) பொறுமையாக மேப்பிங்கை, அதாவது கருவியின் ஒலி அமைப்பை, மாற்றி மாற்றிப் பார்த்தார். "வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்களோ அதிலேயே நிறையப் பேசுங்கள்" என்றார் பேச்சுப் பயிற்சியாளர். என் மாமியாருக்கு அது போதாதா? காலையிலிருந்து இரவுவரை தமிழ்தான், வாய் ஓயவில்லை. வகுப்பு டீச்சர் அவளை முன்வரிசையில், இரைச்சல் போடும் காற்றாடியிலிருந்து தள்ளி உட்காரவைத்திருக்கிறார்.

வசூலில் மிஞ்சிய பணம் பேட்டரிக்கும் உதிரிப் பாகங்களுக்கும் தனியாக இருக்கிறது. கணக்குப் புத்தகம் கோவில் அலுவலகத்தில். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அன்புடன்,
அவள் அம்மா, அப்பா