கல்லூரி வீடுகள்: சொந்தம் எது, வாடகை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கல்லூரிகள் மாணவர் விடுதிக்கும் ஆசிரியர் குடியிருப்புக்கும் வைத்திருந்த வீடுகளின் வரலாற்றைத் தொகுக்க வேண்டும் என்று தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருவது மகிழ்ச்சி. சொந்த வீட்டையும் வாடகை வீட்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடாமல் இருந்தால்தான் அந்த வேலை உருப்படும்.

சொந்த வீட்டுக்கான பத்திரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் இருக்கும். தெருப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. விக்டோரியா தெரு இன்று பெர்த்தா ம்கிஸே தெரு, பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் கூனம் தெரு. மனை எண்தான் வேண்டும். டி (T) எழுத்தில் தொடங்கும் எண் உரிமைப் பத்திரம், பி (B) அடமானம், கே (K) பதிவான குத்தகையும் வழியுரிமையும். முந்தைய பத்திரத்தின் எண்ணும் உள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே தாய்ப்பத்திரம் வரை போய்விடலாம். பழைய அளவுகள் ரூட், பெர்ச் கணக்கில் வரும்: 40 பெர்ச் ஒரு ரூட், ஏறக்குறைய 1,012 சதுர மீட்டர்.

விலை பேசிய நாளில் வீடு கைமாறுவதில்லை, பதிவான நாளில்தான் மாறுகிறது. முதலில் வாடகைக்கு இருந்து பிறகு வாங்கிய வீடானால் குடியேறிய ஆண்டும் பத்திர ஆண்டும் ஒத்துப்போகாது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். பத்திரம் மனையைப் பற்றித்தான் பேசும். கட்டடத்தின் வயதுக்கு நகராட்சியில் உள்ள வரைபட அனுமதியைப் பார்க்க வேண்டும். இது முக்கியம், ஏனெனில் 1999ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டப்படி 60 ஆண்டைத் தாண்டிய கட்டடத்தை அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது.

உரிமையாளர் பெயரும் ஏமாற்றும். 1946இல் தொடங்கிய எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி பின்னர் டெக்னிகான் என்ற தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனமாகி, 2002இல் நடால் டெக்னிகானுடன் இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனத்தின் சொத்தைத் தேடுகிறவர் எல்லாப் பெயர்களிலும் தேட வேண்டும். இருந்த இடமெல்லாம் சொந்தம் என்றும் எண்ணிவிடக் கூடாது: 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் தொடங்கிய இந்தியர் பல்கலைக்கழகக் கல்லூரி இயங்கியது பழைய கடற்படைக் கட்டடங்களில்.

வாடகை வீடுதான் உண்மையில் கடினம். பத்தாண்டுக்குக் குறைந்த குத்தகையைப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆண்டுதோறும் புதுப்பித்துவந்த வீடு பதிவகத்தில் கல்லூரியின் பெயரில் தென்படவே தென்படாது. நகராட்சி மதிப்பீட்டுப் பதிவேட்டிலும் வீட்டுக்காரர் பெயர்தான். பிரேபிஸ் நடால் டைரக்டரி என்ற முகவரி நூலோ குடியிருப்பவர் பெயரைப் போடும். அதை மட்டும் பார்த்தவர் கல்லூரியே உரிமையாளர் என்று எழுதிவிடுவார்.

ஆகவே வாடகைப் பேரேடும் ஆட்சிக்குழுத் தீர்மானப் புத்தகமும்தான் ஆதாரம். பேரேட்டைப் படிக்கும்போது 1961 பிப்ரவரி 14ஐ மறக்காதீர்கள். அன்று பவுண்டுக்குப் பதில் ராண்ட் நாணயம் வந்தது, ஒரு பவுண்டு இரண்டு ராண்ட் ஆனது. 8 பவுண்டு 10 ஷில்லிங் என்றிருந்த வாடகைப் பதிவு அடுத்த பக்கத்தில் 17 ராண்ட் என்று வரும். அது வாடகை உயர்வல்ல, அதே தொகைதான். வாடகைப் பதிவு திடீரென்று நின்றுபோனால் அரசிதழையும் புரட்டுங்கள். இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் டர்பனுக்கான பிரகடனங்கள் 1958இல் வந்தன. நம்மவர் வீடுகள் எத்தனையோ அவற்றில் பறிபோயின. கல்லூரி காலி செய்ததா, வீட்டுக்காரரே விரட்டப்பட்டாரா என்பதைப் பிரித்து எழுதுவது அந்தக் குடும்பங்களுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்.

வீட்டுக்காரர் பெயரை ஓர் எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். கவுண்டர் பெயரையே கவெண்டர், கவுண்டன் என்று எழுதிவைத்திருப்பார்கள். அவர் காலமாகியிருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அவருடைய சொத்துக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இடமில்லை என்று பழைய கணக்குப் புத்தகங்களைக் கழிக்கும்போது வாடகைப் பேரேடுகளை ஒதுக்கி வையுங்கள். பத்திரம் தொலைந்தால் பதிவகத்தில் நகல் வாங்கலாம். பேரேட்டுக்கு நகல் கிடையாது. வாடகை ரசீது வைத்திருக்கும் குடும்பத்தார் அதன் இரு பக்கங்களையும் படமெடுத்து, வீட்டு எண்ணையும் அக்காலத் தெருப் பெயரையும் குறித்து வைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பத்திர ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
டர்பன்