யுஎஸ் எஃப்1: பழி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2026 சீசனில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் 11-வது அணியாக நுழையும் கேடிலாக் பற்றிய கட்டுரை படித்தேன். அதில் 2010-இல் பந்தயக் களத்துக்கு வராமலே போன அமெரிக்காவின் யுஎஸ் எஃப்1 அணியை 'ஏமாற்று வேலை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது நியாயமாகப் படவில்லை.

அணியைத் தொடங்கிய இருவரில் கென் ஆண்டர்சன் அனுபவமுள்ள பந்தயப் பொறியாளர். இன்னொருவரான பீட்டர் வின்ட்சர், ஃபார்முலா ஒன்னின் வில்லியம்ஸ், ஃபெராரி அணிகளில் பொறுப்பில் இருந்துவிட்டு பத்திரிகைத் துறைக்குத் திரும்பியவர். யூடியூபைத் தொடங்கியவர்களில் ஒருவரான சாட் ஹர்லி பணம் போட்டார். அமெரிக்காவின் சார்லட் நகரில் பட்டறை அமைத்தார்கள். நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் அணிகள் நிறைந்த பகுதி, அங்கே கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை.

2009 ஜூனில், ஃபார்முலா ஒன்னை நிர்வகிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ இவர்களுக்கு 2010 போட்டியில் இடம் கொடுத்தது. ஆண்டுச் செலவுக்கு 4 கோடி பவுண்டு உச்சவரம்பு என்ற, எஃப்ஐஏ தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லியின் திட்டத்தை நம்பித்தான் அப்போது புதிய அணிகள் விண்ணப்பித்தன. பெரிய அணிகள் தனிப் போட்டி நடத்தப் போவதாக மிரட்டியதும், அதே மாதத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. விண்ணப்பத்தில் போட்ட கணக்கு முழுக்க மாறிப்போனது. உலகப் பொருளாதார நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு அது, ஸ்பான்சர் கிடைப்பது குதிரைக்கொம்பு. நிர்வாகத்தின் தவறுகளும் இருந்தன, மறுக்கவில்லை. கார் முழுதாக உருவாகவே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஜூனில் தேர்வான புதிய அணிகள் மூன்று. அவற்றில் காம்போஸ் அணியும் பணமில்லாமல் தள்ளாடி, கடைசி நேரத்தில் கைமாறி, எச்ஆர்டி என்ற பெயரில் 2010-இன் முதல் பந்தயத்துக்கு பஹ்ரைன் வந்து சேர்ந்தது. நம் சென்னை ஓட்டுநர் கருண் சந்தோக் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியதே பஹ்ரைன் தகுதிச் சுற்றில்தான்! மூன்றில் இரண்டு இப்படி ஆனால், தேர்ந்தெடுத்தவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? ப்ரோட்ரைவ், லோலா போன்ற பழம் தின்று கொட்டை போட்ட கார் பந்தய நிறுவனங்களும் அதே நேரத்தில் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டன.

எனக்கு இன்றும் ஆறாதது ஹோசே மரியா லோபஸ் விஷயம். ஃபார்முலா ஒன்னில் ரெனோ அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தும் வாய்ப்புக் கிடைக்காமல் அர்ஜென்டினா திரும்பி, அங்கே பட்டங்கள் வென்றவர். 2010 ஜனவரியில் யுஎஸ் எஃப்1-இல் ஒப்பந்தமானார். மார்ச் 14 அன்று முதல் பந்தயம். மார்ச் 3 அன்று எஃப்ஐஏ வெளியிட்ட பட்டியலில் அணியே இல்லை. அப்புறம் அவருக்கு ஃபார்முலா ஒன் கதவு திறக்கவேயில்லை. அவர் சாதாரண ஓட்டுநரா? 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று முறை உலக டூரிங் கார் சாம்பியன். 2021-இல் டொயோட்டா அணியில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றார். அவர் இழந்ததை யாரும் ஈடு செய்யவில்லை.

அணிக்கு 3,09,000 யூரோ அபராதமும் தடையும் விதித்தது எஃப்ஐஏ. தன் தேர்வு முறைக்கு அது என்ன பதில் சொன்னது?

கேடிலாக் பற்றி அடுத்து எழுதும்போது, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், அனுமதி கொடுக்கும் முன் அந்த அணியின் பணத்தையும் பட்டறையையும் யார், எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீபெரும்புதூர்.