சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்

சிகாகோ,
பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நலம். அங்கும் எல்லோரும் நலம்தானே? குளிரைப் பற்றி எழுதப்போவதில்லை, போனில் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கே அலுத்திருக்கும். டெவன் அவென்யூவில் உள்ள இந்தியக் கடைகளில் பொன்னி அரிசி கிடைக்கிறது. ரயில் மாறிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் முக்கியமாகச் சித்தப்பாவுக்கு. "சமூக சேவை செய்ய அமெரிக்காவில் படிப்பா? அதுவும் கடன் வாங்கி? குடியாத்தத்திலேயே நாலு பேருக்குச் சோறு போட்டால் புண்ணியமாவது கிடைக்கும்" என்றாராமே, தம்பி சொன்னான். கோபமில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் படிக்கும் சமூகப் பணிப் பள்ளி 1908இல் தொடங்கி, 1920இல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1924இல் ஈடித் அபட் அதன் டீன் ஆனார். அமெரிக்காவில் ஒரு முதுகலைப் பள்ளிக்கு டீனான முதல் பெண் அவர்தான். கூடவே தோள் கொடுத்தவர் சோஃபனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் (இந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது). இருவரும் 1927இல் ஆரம்பித்த ஆய்விதழ் இன்றும் வருகிறது. இரக்கம் இருந்தால் மட்டும் போதாது, சட்டமும் பொருளாதாரமும் புள்ளிவிவரமும் தெரிந்திருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் இவர்கள்.

ஈடித்தின் தங்கை கிரேஸ் அபட்டைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நம் தீப்பெட்டிக் கம்பெனிகள்தான் ஞாபகம் வந்தன. ஆலைகளில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்க இங்கே ஒரு சட்டம் வந்தது. அதை அமலாக்கும் பொறுப்பு கிரேஸிடம் இருந்தது. 1918இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றுவிட்டது. அவர் ஓயவில்லை. 1921 முதல் 1934 வரை மத்திய அரசின் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார், பிறகு இதே பள்ளிக்குப் பாடம் நடத்த வந்தார். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அக்காவும் தங்கையும் உழைத்தார்கள். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு நிலைத்து நிற்கும் சட்டத்தடை வர 1938 ஆயிற்று.

சித்தப்பா சொல்கிற சோறு ஒருவேளைப் பசிக்கு. சட்டம் அப்படியில்லை. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்ததால்தானே அம்மா பேரில் ஒரு கார்டு? முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இலை வெட்டிச் சுற்றியதற்குக் கூலி வந்தது. ஆனால் என் நோட்டும் யூனிஃபார்மும் அந்தக் கார்டை வைத்துக் கிடைத்த உதவித்தொகையில் வாங்கியவை. யாரோ சில பேர் பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுக் கணக்கை எடுத்து, எழுதி, டெல்லி வரை கொண்டுபோய் வாதாடியிருப்பார்கள். அந்த வேலையைத்தான் இங்கே கற்றுக்கொடுக்கிறார்கள்.

அதற்காக வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி, இது இந்த நாடு முழுக்கக் கட்டாயம். எனக்கு வாய்த்தது ஒரு முதியோர் மையம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு ஏழைகளுக்குத் தாங்காது, அரசு உதவி உண்டு, அதற்கு மனுப் போட வேண்டும். போன வாரம் ஒரு பாட்டி கேஸ் பில்லை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். என் மேற்பார்வையாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "பேனாவை அவர் கையில் கொடு. நீ பக்கத்தில் உட்கார்." ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம். அதற்குள் மகன் வேலை போனது, மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது எல்லாம் வெளியே வந்தது. நான் நிரப்பியிருந்தால் பத்து நிமிடம், இதெல்லாம் தெரிந்தே இருக்காது. அப்புறம் வீட்டுக்கு வந்து நடந்த பேச்சை ஞாபகம் உள்ளவரை அப்படியே எழுதித் தர வேண்டும். அதுதான் முதுகை ஒடிக்கிற வேலை.

எங்கள் பள்ளிக் கட்டடம் மீஸ் வான் டெர் ரோ என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, கறுப்பு இரும்பும் கண்ணாடியும். படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள். 2021இல் கிரவுன் குடும்பம் 7.5 கோடி டாலர் கொடுத்ததால் பள்ளிக்கு இப்போது அவர்கள் பெயர். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளியைச் சுற்றித் தெற்கே விரிவது உட்லான், ஏழைகள் அதிகம் உள்ள பகுதி. 1960களில் பல்கலைக்கழகம் அந்தப் பக்கம் விரியப் பார்த்தபோது அந்த மக்கள் சங்கம் சேர்ந்து எதிர்த்தார்கள். ஏழ்மையைப் படிப்பவர்களின் பல்கலைக்கழகத்துக்கும் ஏழைகளுக்கும் நிலத்தகராறு! எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

நம் பக்கமும் சும்மா இல்லை என்று இங்கே பெருமையாகச் சொல்கிறேன். கே.வி.குப்பத்தில் 1977 முதல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரூசா என்ற கிராம நலப் பிரிவு இருக்கிறதே, அங்கே வீடு வீடாகப் போன அக்காக்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. தம்பிக்கும் இந்தப் பக்கம் விருப்பமென்றால் கடல் தாண்ட வேண்டாம். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இருக்கிறது, போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் பீடி கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நம்பரை மறைத்துவிட்டு. அடுத்த மாதம் வகுப்பில் நான் அதைப் பற்றிப் பேச வேண்டும். அப்பா, சுகர் மாத்திரையை விடாதீர்கள்.

அன்பு மகள்,
கலா